மூன்றாம் மாடிச் செருப்புகள்

மார்ச் 3, ஞாயிறு

என் பெயர் அங்கமுத்து. இதை எழுதியது நான்.

மார்ச் 4, திங்கள்

நேற்று எழுதியதை இன்று வாசித்துப் பார்த்தேன். அங்கமுத்து என்றுதான் இருக்கிறது. விடிவதற்குள் மாறிவிடவில்லை.

மார்ச் 6, புதன்

டீச்சர் ஊரில் தாத்தாவை அப்பு என்பார்களாம். அவர் சொன்னார்: "அப்பு, பேரை மட்டும் எழுதிப்போட்டு மூடி வைக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எழுதுங்கோ. சமைச்சதை எழுதுங்கோ. சண்டை பிடிச்சதை எழுதுங்கோ."

சமைத்தது கருவாட்டுக் குழம்பு. சண்டை அஞ்சலையோடு. அஞ்சலை பக்கத்து வீடு. காலையில் கீழே மேசை போட்டு இடியாப்பம் விற்பவள். அவள் கத்தரிக்காய் சுற்றி வந்த தமிழ்ப் பேப்பரை வாங்கி விரித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மரண அறிவிப்புப் பக்கம். ஒரு ஆளை வாசித்து முடிக்கவே அடுப்பில் குழம்பு வற்றிவிட்டது.

"ஏண்ணே, இந்த வயசுல படிச்சது செத்தவங்க பேர வாசிக்கவா? கொஞ்சம் பொறு, நம்ம பேரும் வரும். அப்ப வாசிக்கலாம்" என்றாள்.

அப்போது எப்படியடி வாசிப்பது என்று கேட்டேன். சண்டையில் நான் ஜெயித்தேன்.

மார்ச் 9, சனி

என்னைப் பற்றி எழுதச் சொன்னார் டீச்சர். எனக்கு எழுபத்திரண்டு வயது. பிறந்தது ரப்பர் தோட்டத்தில். அங்கே பள்ளிக்கூடம் இருந்தது. அதன் கூரையில் ஏறிப் பந்து எடுத்ததோடு சரி, உள்ளே போகவில்லை. பிறகு நகராட்சிக் குப்பை லாரியில் வேலை. மனைவி காலமாகிவிட்டாள். மகன் ஜொகூரில். நான் இந்த அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.

டீச்சர் பெயர் வதனி. எதிர்வீட்டில் ஒரு அறையில் புருஷன் கேதீஸோடு இருக்கிறார். இலங்கையில், வன்னியில், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். இங்கே வெளியே போக முடியாது. அவர்களிடம் இருந்த ஐநா அகதி அட்டை காலாவதியாகிவிட்டது, புதிதாகத் தர இன்னும் கூப்பிடவில்லை. கேதீஸ் மட்டும் கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போகிறான். "சும்மா இருந்து விசர் பிடிக்குது அப்பு. உங்களுக்குப் படிப்பிக்கட்டோ?" என்று போன வருஷம் அவராகக் கேட்டார். டீச்சருக்குப் பிள்ளை கிடைத்தது, எனக்கு டீச்சர் கிடைத்தார்.

இப்போது அவர் வயிற்றில் ஒரு பிள்ளை. ஏழாம் மாதம்.

மார்ச் 10, ஞாயிறு

எதிர்வீட்டில் மற்ற அறைகளில் தமிழ்நாட்டுப் பையன்கள். முடி வெட்டுகிறவர்கள், சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர்கள். கடப்பிதழ் என்கிற பாஸ்போர்ட் முதலாளியிடம். முதலாளி பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. சாயங்காலம் வந்து செருப்பை நடைபாதையில் உதறிவிட்டு உள்ளே ஓடுவார்கள். ஒன்று இங்கே, ஒன்று படிக்கட்டில். எனக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது. தினமும் உட்கார்ந்து ஜோடி சேர்த்து, நுனி வெளியே பார்க்கும்படி சுவர் ஓரமாக வரிசை வைத்துவிடுவேன். காலையில் காலை நுழைத்தால் போதும்.

இன்று வரிசை மிக அழகாக இருந்தது. ஒரு வரியில் எழுத்துகள் நிற்பது போல. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்ல கையெழுத்து அப்பு" என்று சிரித்தார்.

மார்ச் 17, ஞாயிறு

எழுத முடியவில்லை.

மார்ச் 20, புதன்

எழுதச் சொல்கிறார் டீச்சர். அழுதுகொண்டே சொல்கிறார். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் டீச்சர் என் வீட்டில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து அஞ்சலை, "மீன்காரன் வந்துட்டான்!" என்று கத்தினாள். அட்டை, பெர்மிட் சோதிக்கும் குடிநுழைவுக்காரர்கள் வந்தால் அப்படிக் கத்துவது என்று எங்களுக்குள் ஏற்பாடு. எதிர்வீட்டில் டிவி நின்றது, விசிறி நின்றது. அஞ்சலை மூச்சு வாங்க ஏறி வந்து, எதிர்வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டாள். வெளியே பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்று போய்விடுவார்கள். இதற்கு முன் ஒரு தடவை அப்படித்தான் போனார்கள்.

டீச்சர் எதிர்வீட்டுக்கு ஓடப் பார்த்தார். அஞ்சலை அவரைக் கட்டிப் பிடித்து என் வீட்டுக்குள் தள்ளினாள். "உன் புருஷன் அங்க, நீ இங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்ல மாட்டணுமா? வாய மூடு."

வந்தார்கள். பூட்டைப் பார்த்தார்கள். கடந்து போனார்கள். கடைசியாகப் போனவன் நின்று, திரும்பி, கீழே பார்த்தான். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டான். பூட்டை வெட்டினார்கள்.

அவன் ஏன் திரும்பினான் என்று தெரியவில்லை.

ஒருவன் என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, டீச்சரைக் காட்டி, யார் என்று மலாயில் கேட்டான். மருமகள் என்றேன். வயிற்றைப் பார்த்தான், என் அடையாள அட்டையைப் பார்த்தான், போய்விட்டான். அவனும் வெயிலில் நின்று களைத்திருந்தான்.

எல்லோரையும் கையைச் சேர்த்துக் கட்டி நடத்திக்கொண்டு போனார்கள். வெறுங்காலோடு. கேதீஸ் என் வாசலைக் கடந்துதான் போனான். தலையைத் திருப்பவே இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, முன்பின் தெரியாத வீட்டைக் கடந்து போவதுபோலப் போனான். டீச்சர் என் சமையல்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 22, வெள்ளி

டீச்சர் இப்போது என் வீட்டில்தான். நான் கூடத்தில் படுக்கிறேன், அவருக்கு அறை. ரசம் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார்.

அஞ்சலை வந்து தரையில் உட்கார்ந்தாள். "செருப்புதாண்ணே காட்டிக் குடுத்துடுச்சு. வெளிய பூட்டு, வாசல்ல ஒரு கல்யாணத்துக்கு வந்த செருப்பு. நான் ஒரு முட்டாளு, பூட்டத் தேடுனேன், கீழ பாக்கல. செதறிக் கெடந்தாலாவது குப்பன்னு போயிருப்பானுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களாட்டம் வரிசையா நின்னுச்சு."

நான் அரிசி கழுவப் போனேன்.

செருப்பை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். உயிர் போகிற அவசரத்திலும் யாருக்கும் அது தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. டீச்சருக்கும் தோன்றவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

படிக்கட்டில் கூட்டம் போட்டார்கள். குணாளன் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நல்ல பையன், பயந்தவன்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அனுமதி இல்லாத ஆள வீட்ல வெச்சிருந்தா உங்களையும் உள்ள தள்ளுவான். எங்களையும் சேர்த்து விசாரிப்பான். நம்ம புள்ளைங்க வாழ வேண்டாமா?"

அஞ்சலை விடவில்லை. "உன் ரெண்டாவது பொண்ணுக்கு ஒம்போது மாசம் யாருடா கணக்கு சொல்லிக் குடுத்தது? ஓசியில சொல்லிக் குடுக்கறப்ப அனுமதி கேட்டியா நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். குணாளன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தான்.

கக் ரொஹானா மூலைவீட்டு மலாய்க்காரம்மா; கக் என்றால் அக்கா. அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நோன்பு மாதம், களைப்பாகச் சுவரில் சாய்ந்திருந்தார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: வயிற்றுப் பிள்ளைக்காரியை யாரும் வெளியே அனுப்பப் போவதில்லை. அதை விட்டுவிட்டு, அடுத்த தடவை வந்தால் என்ன செய்வது என்று பேசுங்கள்.

என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தேநீர் குடித்துக் கலைந்தோம்.

மார்ச் 26, செவ்வாய்

பழைய சாமான் கடைக்குப் போனேன். குப்பை லாரிக் காலத்துப் பழக்கம், கடைக்காரருக்கு என்னைத் தெரியும். ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். மூன்று மாடி. முதுகு வலி. தைலம் தேய்த்துப் படுத்தேன்.

மார்ச் 27, புதன்

இன்று காலை மூன்றாம் மாடியில் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் ஐந்தாறு ஜோடி செருப்பு. அஞ்சலை வாசலில் கால்பந்துச் சப்பாத்து. எதிரே காலியாக இருக்கும் வீட்டு வாசலிலும் ஒன்றிரண்டு. யார் வைத்தது என்று நடைபாதை முழுக்கப் பேச்சு. அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுப் பக்கம்.

மத்தியானத்துக்குள் கக் ரொஹானா தன் பேரன்களின் பழைய செருப்புகளைக் கொண்டுவந்து சேர்த்தார். கோடி வீட்டுச் சீனக் கிழவர் ஆ ஹோக் ரப்பர் பூட்ஸ் வைத்தார். சாயங்காலம் நான்காம் மாடியிலும் ஆரம்பித்துவிட்டார்கள். குணாளன் தன் வாசலில் தன் மனைவியின் குதிகால் செருப்பை வைத்துவிட்டு, அவளிடம் ஏச்சு வாங்கினான்.

இனி எந்த வாசலும் எதையும் சொல்லாது.

எல்லாம் சிதறிக் கிடக்கிறது. நான் தொடவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

மறுபடியும் வந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு கதவையும் தட்டினார்கள். ஒவ்வொரு கதவும் திறந்தது. அஞ்சலை இடியாப்ப உரல் நன்றாகப் பிழியவில்லை என்று ஒருவனிடம் புகார் சொல்லியிருக்கிறாள். ஆ ஹோக் தன் அடையாள அட்டையைத் தேட எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கல்யாணம் முடிந்திருக்கும். கக் ரொஹானா அந்த நேரம் டீச்சருக்குத் தலையில் முக்காடு போட்டுத் தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். காய்ச்சல், தொற்றும் என்றார். யாரும் உள்ளே போகவில்லை.

வெறுங்கையோடு போனார்கள். நடைபாதையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். பிறகு வாந்தி எடுத்தார்.

சாயங்காலம் பாடம். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "அப்பு, அது உங்களால இல்லை" என்றார்.

"எது டீச்சர்?"

"ஒண்டும் இல்லை. எழுதுங்கோ."

எழுதினேன். எழுத்து சரியாக வரவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். தமிழ்நாட்டுப் பையன்களில் ஒருவன், சுடலைமுத்து, ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டான். அங்கிருந்து அஞ்சலைக்கு ஃபோன் செய்தான். எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம்.

"கேதீஸ் அண்ணன் தடுப்பு முகாம்லதாங்க இருக்காரு. இலங்கைக்குப் போறேன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போனா உசுரு இருக்காதுன்னு போட மாட்டேங்குறாரு. மெலிஞ்சிட்டாருங்க. அக்கா சாப்பிடுதான்னு கேக்கச் சொன்னாரு."

டீச்சர் ஃபோனை வாங்கி, "நான் சாப்பிடுறன் எண்டு சொல்லுங்கோ" என்றார். அவன் இங்கே இல்லை, ஊரில் இருக்கிறான், எப்படிச் சொல்லுவான்?

அவனே சொன்னான்: "இன்னொண்ணு அக்கா. பொண்டாட்டி இருக்காளான்னு விசாரிச்சப்ப இல்லவே இல்லைன்னுட்டாரு. கல்யாணமே ஆகலன்னு எழுதிக்கிட்டாங்க. உங்களத் தேடக் கூடாதுன்னுதான்."

அஞ்சலை, "சமத்துப் பையன்" என்று கண்ணைத் துடைத்தாள். டீச்சர் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி, மறுபடியும் கழுவினார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

இன்று பேருந்தில் ஒட்டியிருந்த கோயில் திருவிழா நோட்டீஸை, பேருந்து நின்ற நேரத்துக்குள் முழுக்க வாசித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் தள்ளி உட்கார்ந்தார்.

மே 2, வியாழன்

டீச்சருக்குக் கால் வீங்கிவிட்டது. கண் மங்குகிறது என்கிறார். கக் ரொஹானா ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடி பார்த்தார். கருவியைப் பைக்குள் வைத்தார். பிறகு, வீட்டில் பிரசவம் பார்க்க முடியாது, தாயும் போகலாம் பிள்ளையும் போகலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் குடிநுழைவுக்குத் தகவல் போகும். எல்லோருக்கும் தெரியும். குணாளன் தன் வேனை எடுத்துக்கொண்டு இரண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டான். இந்த நிலையில் எடுக்க மாட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள் என்றார்களாம். அகதிகளுக்கு உதவும் வக்கீல் அம்மாவிடமும் பேசினான். கூட்டத்தில் பயந்தவன் இவன்தான்.

மே 3, வெள்ளி

காலையில் டீச்சருக்குத் தலைவலி தாங்கவில்லை. அஞ்சலை இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றாள். மருத்துவச்சி ஒருத்தியைத் தெரியும் என்றாள். டீச்சர் எழுந்து உட்கார்ந்தார்.

"பிள்ளைக்கு மூச்சு வேணும் அக்கா. எனக்கு அட்டை பிறகு. வாங்கோ, வெளிக்கிடுவம்."

பள்ளிக்கூட வேனில் போனோம். இடம் இருந்தவரைக்கும் மூன்றாம் மாடி ஏறிக்கொண்டது. மற்றவர்கள் மோட்டார் சைக்கிளில். ஆஸ்பத்திரி வாசலில், மருமகள் என்று சொல்லவா டீச்சர் என்று கேட்டேன்.

"வேண்டாம் அப்பு. இஞ்ச என்ர சொந்தப் பேரைத்தான் சொல்லப் போறன். என்ர பிள்ளை வேற ஆருடைய பேரிலயும் பிறக்கக் கூடாது."

சொன்னார். புருஷன் பெயரும் சொன்னார்.

மே 4, சனி

ஆண் பிள்ளை. அறுத்து எடுத்தார்கள். சின்னது, ஆனால் அழுகிறான். டீச்சருக்கு உயிர் இருக்கிறது.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் கொட்டாவி விட்டான். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

மே 6, திங்கள்

அதிகாரிகள் வார்டுக்கு வந்துவிட்டார்கள். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் பக்கத்தில் போகக் கூடாது. பார்வை நேரத்தில் எல்லோரும் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். கக் ரொஹானா தனக்குத் தெரிந்த தாதிகளிடம் கேட்டு வந்து சொல்வார். பால் குடிக்கிறான். காய்ச்சல் இல்லை. அஞ்சலை பூண்டும் மிளகும் போட்டுப் பத்தியக் குழம்பு கொண்டுவந்தாள். வாங்க மாட்டேன் என்றாள் அதிகாரி. தாதி ஒருத்தி அந்தப் பக்கம் போகும்போது எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது.

மே 8, புதன்

வக்கீல் அம்மா வந்தார். தாயையும் பிள்ளையையும் பெண்கள் முகாமுக்குக் கொண்டுபோவார்கள் என்றார். புருஷன் பெயரைச் சேர்த்து மனு போட்டால் ஒன்றாக வெளியே விடக் கேட்கலாம் என்று முயன்றிருக்கிறார். அங்கே கேதீஸ் திருமணமாகாதவன் என்று பதிவாகியிருக்கிறதாம். அவனே சொன்னது. இப்போது டீச்சர் அவன் மனைவி என்பதற்கும் பிள்ளை அவன் பிள்ளை என்பதற்கும் அத்தாட்சி கேட்கிறார்கள். கல்யாணப் பத்திரம் வன்னியில் எரிந்த வீட்டோடு போய்விட்டது.

"எத்தனை நாளாகும் மேடம்?" என்று குணாளன் கேட்டான்.

வக்கீல் அம்மா பையை மூடினார். "முயற்சி செய்றேன்" என்றார்.

பிள்ளை பிறந்ததை யாராவது கேதீஸுக்குச் சொன்னார்களா என்று நான் கேட்டேன். அதுவும் தெரியாது. மனைவி இல்லாதவனுக்கு யார் சொல்லுவார்கள்?

வீட்டுக்கு வந்து டீச்சரின் துணிகளைத் துவைத்தேன். மழை. உள்ளேயே காயப்போட்டேன்.

மே 10, வெள்ளி

இன்று காலை கொண்டுபோவார்கள், பின்வாசல் வழியாக என்று தாதி சொல்லியிருந்தாள். அஞ்சலை இன்று மேசை போடவில்லை. குணாளன் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்தான். ஆ ஹோக் வந்தார். நான்காம் மாடிக்காரர்களும் வந்தார்கள். யார் வீட்டில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் கக் ரொஹானா. நமக்கு அவளைத் தெரிய வேண்டாம், அவளுக்கு நம்மைத் தெரிந்தால் போதும் என்றார். நான் மகன் கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தேன். அஞ்சலை, "மாப்பிள்ள மாதிரி இருக்கீங்கண்ணே" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

நின்றோம். காவலாளி ஒருவன் வந்து, என்ன கூட்டம் என்று கேட்டான். பேருந்துக்கு நிற்கிறோம் என்றான் குணாளன். இங்கே பேருந்து வராதே என்றான் அவன். வரும்வரை நிற்கிறோம் என்றார் ஆ ஹோக். காவலாளி எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான்.

வண்டி வந்தது. பெரிய வண்டி. கண்ணாடி எல்லாம் கறுப்பு, மேலே கம்பி வலை வேறு. எங்களைத் தாண்டும்போது கொஞ்சம் மெதுவாகப் போனது, மேடு இருந்ததால். எல்லோரும் கையைத் தூக்கினோம். நான் உயரம் குறைவு என்று குணாளன் என்னைப் பிடித்துச் சாக்கடைத் திண்டின்மேல் ஏற்றி நிற்க வைத்திருந்தான். "டீச்சர்!" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய சத்தம் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது.

வண்டி திரும்பிப் பெரிய சாலையில் ஏறியது.

"நடுவுல இருந்துச்சு. புள்ளயத் தூக்கிக் காட்டுச்சு, பாத்தேன்" என்றாள் அஞ்சலை.

குணாளனும் பார்த்ததாகச் சொன்னான். வெள்ளைத் துணி சுற்றியிருந்தது என்றான். ஆ ஹோக் தலையை ஆட்டினார். கக் ரொஹானா மட்டும் முக்காட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டார்.

நீங்கள் பார்த்தீர்களா மாமா என்று குணாளன் கேட்டான்.

நானும் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். நானும் பார்த்தேன் என்றுதான் எழுதுகிறேன்.